லுணுகலை இறக்கத்தில் தாழ்ந்த பெடல்: ஒரு பழைய கெப்பின் பிரேக் பற்றிய நிகழ்வு ஆய்வு

வாகனமும் அதன் ஓட்டமும்

இந்த ஆய்வுக்கு உரிய வாகனம் 1990களின் நடுப்பகுதியில் தயாரிக்கப்பட்ட ஒரு டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப் (இரு வரிசை இருக்கையும் பின்னால் திறந்த பெட்டியும் உள்ள பிக்கப்). எல்.என். 106 வகையைச் சேர்ந்த இது 2.8 லீற்றர் டீசல் எஞ்சினும், முன்னும் பின்னும் திட அச்சும், நான்கு சில்லு இயக்கமும் கொண்டது. முன்சில்லுகளில் காற்றோட்டமுள்ள டிஸ்க்கும், அதை இருபுறமும் பேட்களால் கவ்விப் பிடிக்கும் நான்கு பிஸ்டன் கலிப்பரும் உள்ளன. பின்சில்லுகளில், லைனர் ஒட்டிய ஷூக்கள் உள்ளிருந்து அழுத்தும் ட்ரம் பிரேக் உள்ளது. மட்டக்களப்பின் செங்கலடியில் வசிக்கும் என் மாமா இதை வைத்துத்தான் தொழில் செய்கிறார். வாழைச்சேனைத் துறைமுகத்தில் ஐஸ் இட்ட மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, பதுளை வீதி வழியே கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று மேலேறி, மீனை இறக்கிவிட்டு மலைநாட்டு மரக்கறியோடு அதே வழியால் திரும்புவது அவருடைய வழக்கமான ஓட்டம். மாரி காலத்தில் கிரான் – புலிபாய்ந்தகல் வீதியில் வெள்ளம் நிற்கும்போதும் நெல்லுக்காகவும் உரத்துக்காகவும் இதே வாகனம் தண்ணீருக்குள் இறங்கி ஏறும்.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய கெப்களைக் கைவிட எவருக்கும் மனம் வரவில்லை. 2025இல் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டபோதும், சிறு வியாபாரி ஒருவர் புதிய கெப் வாங்குவது எளிதான காரியமாகிவிடவில்லை. ஆகவே 30 வயதை எட்டிய இவ்வாகனங்கள் இன்னும் பல ஆண்டுகள் மலையேறி இறங்கத்தான் போகின்றன. அவற்றின் பிரேக்கை முறையாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் வளர வேண்டும் என்ற கவலையே இதை விரிவாக எழுதத் தூண்டியது.

முறைப்பாடு

மாமா சொன்னதை அவர் சொன்னபடியே தருகிறேன்: “மருமகன், லுணுகலை தாண்டி இறங்கக்குள்ள பெடல் அடி வரைக்கும் போகுது. ஓரமா நிப்பாட்டி ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து மிதிச்சா மறுகாச் சரியா நிக்குது. சடுதியா மிதிச்சா வலப்பக்கம் இழுக்குது.”

இந்த மூன்று வாக்கியங்களிலும் மூன்று தடயங்கள் இருந்தன. நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போவது இரு வகைப்படும். பெடல் கல்லுப்போல இறுகியிருந்தும் வாகனம் நிற்காவிட்டால், பேட் அல்லது லைனர் அளவுக்கு மீறிச் சூடாகி உராய்வை இழந்திருக்கிறது என்று கொள்ளலாம். பெடல் எதிர்ப்பின்றித் தாழ்ந்து போய், ஆறிய பின் மீண்டும் உயர்ந்தால், பிரேக் ஒயில் கலிப்பருக்குள் கொதித்து ஆவிக் குமிழ் உண்டாகியிருக்கிறது. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதிக்கும் விசை முழுவதும் அந்தக் குமிழை அமுக்குவதிலேயே வீணாகிவிடும். மாமா சொன்னது இரண்டாவது வகை. தேநீர் குடிக்கும் நேரத்தில் சரியாகிவிடுவதால் ‘பெரிதாக ஒன்றுமில்லை’ என்று ஒதுக்கிவிடத் தூண்டுவதே இக்குறையின் பேராபத்து. வலப்பக்கம் இழுப்பதோ, இடது முன்சில்லு குறைவாகப் பிடிப்பதைக் காட்டுகிறது; இடப்பக்கமாக வாகனம் ஓட்டும் நம் நாட்டில் வலப்பக்கம் இழுபடுவது என்பது எதிரே வரும் பஸ்ஸின் பாதைக்குள் போவதாகும்.

கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய் பெரிய எஞ்சின் வாகனமொன்றின் கலிப்பரையும் பெரிய டிஸ்க்கையும் றீகண்டிஷனாக வாங்கிப் பூட்டிவிடலாம், பின்பக்கத்தையும் டிஸ்க்காக மாற்றிவிடலாம் என்று சாமான் கடைப் பக்கத்தில் யாரோ அவருக்கு ஆலோசனை சொல்லியிருந்தார்கள். அதற்கான பணத்தையும் மாமா ஒதுக்கி வைத்திருந்தார். தொழிற்சாலை கொடுத்த பிரேக் முழுமையாக வேலை செய்கிறதா என்பதை அறிந்த பின்னரே அது போதுமா, போதாதா என்று பேச முடியும் என்பது என் நிலைப்பாடு. அவர் அதை ஏற்றுக்கொண்டு, வாகனத்தை என் வளவில் கொண்டுவந்து விட்டார்.

இறக்கம் ஏன் வேறு

செங்கலடியிலிருந்து கல்முனை வரை கரையோரச் சமதரையில் எத்தனை தடவை ஓடினாலும் இந்தக் குறை வெளிப்பட்டிராது. சுமையோடு 2,500 கிலோ எடையுள்ள ஒரு வாகனத்தை மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திலிருந்து முழுதாக நிறுத்தும்போது ஏறக்குறைய 347 கிலோயூல் சக்தி வெப்பமாக மாறுகிறது. அதே வாகனம் 400 மீற்றர் உயரத்திலிருந்து வேகம் கூடாமல் இறங்க வேண்டுமானால் 9,800 கிலோயூல் அளவுக்குச் சக்தியை எங்காவது கரைக்க வேண்டும். அது அந்த வாகனத்தை 60 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 28 தடவை தொடர்ந்து நிறுத்துவதற்குச் சமம். அதில் ஒரு பங்கை எஞ்சினும் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். கியர் எவ்வளவு தாழ்ந்ததோ எஞ்சினின் பங்கு அவ்வளவு கூடும். மீதி முழுவதும் நான்கு சில்லுகளின் பிரேக்குகளும் பகிர வேண்டியது. நான்கும் பகிர்கின்றனவா என்பதே இந்த ஆய்வின் மையக் கேள்வி.

சோதனை: முன்பக்கம்

நம் பக்கத்து மணல் தரையில் ஜக்கு வைப்பது தனிக் கவனம் வேண்டிய காரியம். ஜக்குக்கும் தாங்கிகளுக்கும் அடியில் அகலமான தடித்த பலகை இட வேண்டும். எதிர்ப்பக்கச் சில்லுகளுக்கு அடைப்பு வைக்க வேண்டும். வாகனத்தின் எடையை இரும்புத் தாங்கிகளின் மீது இறக்கிய பின்னரே கையை உள்ளே விட வேண்டும். செங்கல்லையோ தென்னங்குற்றியையோ நம்பி வாகனத்தின் கீழ் போவதை நான் எவருக்கும் அனுமதிப்பதில்லை. பழைய லைனர்களில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கக்கூடும் என்பதால் ட்ரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாமல், தண்ணீர் தெளித்து நனைத்துத் துணியால் துடைத்து எடுத்தோம்.

முன்பக்கம் எதிர்பார்த்தபடியே களைத்துப்போயிருந்தது. இரு டிஸ்க்குகளிலும் நீலம் பாய்ந்த திட்டுகளும் மயிரிழை வெடிப்புகளும் தெரிந்தன. இவை நீண்ட காலம் அதிவெப்பத்தைக் கண்டதன் அடையாளம். இடது கலிப்பரின் நான்கு பிஸ்டன்களில் இரண்டு அசையவே இல்லை. தூசி மறைப்பு றப்பர் கருகிக் கிழிந்து, அந்த வழியே ஈரம் புகுந்து, பிஸ்டனின் குரோம் பூச்சுக்கு அடியில் துரு கிளம்பியிருந்தது. வலது கலிப்பரின் நான்கு பிஸ்டன்களும் அசைந்தன. வலப்பக்க இழுப்புக்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

டீசல் எஞ்சினாகையால், பெடலை மிதிக்கும் விசையைப் பெருக்கும் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் ஒல்டர்னேற்றரின் பின்னால் பூட்டப்பட்ட பம்பிலிருந்து வருகிறது. எஞ்சினை நிறுத்திப் பெடலைப் பல தடவை மிதித்து, மிதித்தபடியே எஞ்சினை இயக்கியபோது பெடல் சற்று உள்ளிறங்கியது. குழாயும் ஒருவழி வால்வும் நல்ல நிலையில் இருந்தன. பூஸ்டருக்குள் எஞ்சின் ஒயில் எதுவும் வந்திருக்கவில்லை. அந்தப் பகுதியை அதோடு விட்டோம்.

சோதனை: பின்பக்கம்

உண்மையான கதை பின்பக்கத்தில் இருந்தது. முன் பேட்களை ஆண்டுதோறும் மாற்றி வந்ததாக மாமா சொல்லியிருந்தார். ஆனால் பின் ட்ரம்மைக் கழற்றியபோது லைனர்கள் ஏறத்தாழ முழுத் தடிமனோடு இருந்தன. ‘லைனர் இன்னும் புதுசு’ என்று மகிழ்ச்சியோடு சொல்லப்படும் இந்த நிலைதான் உண்மையில் மிக மோசமான செய்தி. முன் பேட் பல தடவை தேய்ந்து முடிந்த வாகனத்தில் பின் லைனர் தேயாமல் இருக்கிறது என்றால், பின் பிரேக் தன் பங்கைச் செய்யவில்லை என்பதே அதன் பொருள்.

அதற்கான முதற் காரணம் ஹேண்ட் பிரேக்கில் இருந்தது. இந்த வகை ஹைலக்ஸில், லைனர் தேயத் தேய ஷூக்களை ட்ரம்முக்கு அருகே நகர்த்தும் அட்ஜஸ்டர், ஹேண்ட் பிரேக்கை இழுக்கும்போதுதான் திரும்புகிறது. இழுவைக் கம்பியின் விசையை ஷூவுக்குத் திருப்பிவிடும் பெல் கிராங் என்ற சிறு நெம்புகோல், பின்தட்டின் வெளிப்புறத்தில், சேறும் தண்ணீரும் நேரே அடிக்கும் இடத்தில் பூட்டப்பட்டிருக்கிறது. மட்டக்களப்பின் சமதரையில் வாகனத்தை நிறுத்துபவர் ஹேண்ட் பிரேக்கை இழுக்கத் தேவையே ஏற்படுவதில்லை. கியரில் போட்டுவிட்டு இறங்கிவிடுவார். மாமாவும் அப்படித்தான் செய்து வந்தார். இழுக்காததால் பெல் கிராங் துருப்பிடித்து இறுகியது. இறுகியதால் அட்ஜஸ்டர் திரும்பவில்லை. அட்ஜஸ்டர் திரும்பாததால் லைனருக்கும் ட்ரம்முக்கும் இடைவெளி கூடியது. பெடலின் முதற்பாதி ஓட்டம் அந்த இடைவெளியை நிரப்புவதிலேயே செலவாகி வந்திருக்கிறது.

துருவுக்கு வேறொரு ஊற்றும் இருந்தது. மீன் பெட்டிகளிலிருந்து வடியும் உப்புக் கலந்த ஐஸ் தண்ணீர், கெப்பின் பின்பெட்டித் தளத்தில் உள்ள துளைகள் வழியே நேரே பின் அச்சின் மீதும் பிரேக் குழாய்களின் மீதும் சொட்டிக்கொண்டிருந்தது. கடற்காற்று மட்டும் பட்ட வாகனங்களில் நான் கண்டிராத அளவுக்கு அந்த எஃகுக் குழாய்கள் பொருக்குத் தட்டியிருந்தன. ஓரிடத்தில் விரல் நகத்தால் சுரண்டியபோதே செதில் உதிர்ந்தது.

வலது பின்சில்லில் இன்னொரு குறையும் சேர்ந்திருந்தது. அச்சின் ஒயில் சீல் கசிந்து, லைனரின் கீழ்ப்பாதி ஒயிலில் ஊறியிருந்தது. சீலை மட்டும் மாற்றினால் இது மீண்டும் வரும். அச்சின் மேற்புறத்தில் காற்று போய் வர ஒரு சிறு மூச்சுத் துளை உண்டு. அது சேற்றால் முழுதாக அடைபட்டிருந்தது. ஓட்டத்தில் அச்சு சூடாகி உள்ளே காற்று விரியும்போது, வெளியேற வழியின்றி அது ஒயிலைச் சீலின் வழியே தள்ளுகிறது. சூடான அச்சு வெள்ளத்தில் இறங்கிச் சடுதியாகக் குளிரும்போது, அதே சீல் வழியே தண்ணீரை உள்ளிழுக்கிறது.

சுமை வால்வு

மூன்றாவது காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நேரம் எடுத்தது. கெப் வைத்திருப்போர் பெரும்பாலும் கவனிக்காத இடமும் அதுவே. பின் அச்சுக்கு மேலே சேசியில் (வாகனத்தின் அடிச்சட்டகத்தில்) பூட்டப்பட்ட ஒரு வால்வு, பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை மட்டுப்படுத்துகிறது. வெறும் வண்டியில் பின்சில்லுகள் இலகுவில் இறுகி வழுக்கிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. வால்விலிருந்து அச்சுக்கு ஒரு கம்பி இணைக்கப்பட்டிருக்கிறது. சுமை ஏறிச் சேசி தாழும்போது அந்தக் கம்பி வால்வைத் தள்ளும். பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் கிடைக்கும். வாகனம் எவ்வளவு சுமக்கிறது என்பதை வால்வு அறிவது, சேசிக்கும் அச்சுக்கும் இடையிலுள்ள உயரத்தைக் கொண்டு மட்டுமே.

சில ஆண்டுகளுக்கு முன் மாமா நெல் மூடைகளுக்காகப் பின் ஸ்பிரிங் கட்டில் மேலதிகப் பட்டைகள் வைத்திருந்தார். அதனால் வெறும் வண்டியின் பின்பக்கம் 45 மில்லிமீற்றர் உயர்ந்தது. முழுச் சுமை ஏற்றினாலும் பழைய வெறும் வண்டியின் உயரத்துக்குச் சற்றுக் கீழேதான் இறங்கியது. ஆகவே ஒரு தொன் மரக்கறியோடு இறக்கத்தில் வரும் வாகனத்தை அந்த வால்வு வெறும் வாகனம் என்றே எடுத்துக்கொண்டு, பின் பிரேக்கின் அழுத்தத்தை வெட்டிக்கொண்டிருந்தது. முன் கலிப்பரிலும், பின் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரிலும் அழுத்தமானி பூட்டி, சுமையோடு மிதித்துப் பார்த்தபோது, முன்பக்கத்தில் 60 பார் ஏறிய வேளையில் பின்பக்கத்தில் 25 பார் மட்டுமே காட்டியது. ஸ்பிரிங் பட்டை வைத்தவர்களும், அதைப் பார்த்தவர்களும், வாகனம் சுமையைத் தாங்குகிறது என்று மகிழ்ந்தார்களே தவிர, அது பிரேக்கோடு தொடர்புடைய வேலை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கெப் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தம் வாகனத்துக்குக் கீழே ஒரு தடவை குனிந்து இந்தக் கம்பியைப் பார்க்க வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது முழுப் படமும் தெளிந்தது. அட்ஜஸ்டரும் சீலும் வால்வும் சேர்ந்து பின் பிரேக்கைச் செயலிழக்கச் செய்துவிட்டன. இறக்கத்தின் வெப்பம் முழுவதையும் முன்சில்லுகள் சுமந்தன. அதிலும் இடது கலிப்பர் பாதி செத்திருந்ததால் வலது டிஸ்க்கே பெரும்பங்கை ஏற்றது. அந்த வெப்பம் கோப்பி நிறமாக மாறியிருந்த பழைய பிரேக் ஒயிலைக் கொதிக்க வைத்தது. பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. பிரேக் ஒயிலின் தர வகைகளுள் ஒன்றான டொட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது, அதில் 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். டொட் 4 வகைக்கு இவ்வெல்லைகள் 230 பாகையும் 155 பாகையும் ஆகும். நம் கரையோரத்தின் ஈரக்காற்றில் பல ஆண்டுகள் மாற்றப்படாமல் கிடந்த ஒயில் எந்த எல்லையில் நின்றிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

தரமுயர்த்துவது பற்றிய முடிவுகள்

பெரிய கலிப்பர் வேண்டாம் என்று தீர்மானித்தோம். பெடலை மிதித்துச் சில்லை இறுகச் செய்ய முடிகிற வாகனத்தில், ஒரு தடவை சடுதியாக நிறுத்தும் தூரத்தைத் தீர்மானிப்பது டயருக்கும் வீதிக்கும் இடையிலுள்ள பிடிமானமே. அதைப் பெரிய கலிப்பர் கூட்டித் தராது. பெரிய டிஸ்க் கூடுதல் வெப்பத்தை ஏற்கும் என்பது உண்மை. ஆனால் இவ்வாகனத்தில் வெப்பம் கூடியதற்குக் காரணம் டிஸ்க் சிறிதாக இருந்தது அல்ல, பின்பக்கம் ஓய்ந்திருந்தது. முன் பிஸ்டன்களை மட்டும் பெரிதாக்கினால் ஏற்கெனவே முன்பக்கம் சாய்ந்திருந்த சமநிலை மேலும் சாயும். பெடலின் விசையால் ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் கூடுதலாகத் தள்ள வேண்டியிருப்பதால் பெடல் இன்னும் நீளும்.

பின்பக்கத்தை டிஸ்க்காக மாற்றுவதை நான் இன்னும் உறுதியாக எதிர்த்தேன். ஹேண்ட் பிரேக் இல்லாத கலிப்பரைப் பூட்டிவிட்டு மலைநாட்டில் வாகனத்தை நிறுத்துவது உயிரோடு விளையாடுவது. சுமை வால்வின் கணக்கும் முழுதாக மாறிவிடும். திறந்த டிஸ்க்கின் பேட்களைப் பாதையோரச் செம்மண் சேறு அராவித் தின்னும். நல்ல நிலையிலுள்ள 295 மில்லிமீற்றர் ட்ரம் இந்த எடைக்குப் போதுமானது.

மாமா 31 அங்குல டயர் பூட்டும் எண்ணத்திலும் இருந்தார். தொழிற்சாலை டயரின் விட்டம் ஏறக்குறைய 743 மில்லிமீற்றர். 31 அங்குலம் என்பது 787. பிரேக் கொடுக்கும் முறுக்குவிசை மாறாமல் டயர் மட்டும் பெரிதானால், தரையில் கிடைக்கும் நிறுத்துவிசை அந்த விகிதத்தில், கிட்டத்தட்ட 6 சதவீதம், குறையும். இந்தக் கணக்கைக் காட்டியதும் அந்த எண்ணத்தை அவரே கைவிட்டார்.

உண்மையான தரமுயர்வு என்று நான் கருதிச் செய்தவை கண்ணுக்குத் தெரியாதவை. துருப்பிடித்த எஃகுக் குழாய்களுக்குப் பதிலாகச் செப்பு-நிக்கல் கலப்புக் குழாய் இட்டோம். உப்புத் தண்ணீரை அது நன்றாகத் தாங்கும், வளைப்பதும் எளிது. தனிச் செப்புக் குழாய் அதிர்வில் களைத்து வெடிக்கக்கூடியதாகையால் அதைத் தவிர்க்க வேண்டும். குழாயின் முனைகளை இரட்டை மடிப்பாக விரிக்க வேண்டும். ஒற்றை மடிப்பு இந்த அழுத்தத்துக்கு ஏற்றதல்ல. எஃகுப் பின்னல் போட்ட ஹோஸ் பூட்டலாமே என்று வேலையில் கூட நின்ற என் மச்சான் கேட்டான். பின்னலுக்குள் மணல் புகுந்து உள்ளே அராவுவதும், உள்ளிருக்கும் வெடிப்பு வெளியே தெரியாமல் போவதும் நம் பாதைகளுக்குப் பொருந்தாதவை. ஆகவே கம்பனித் தரத்திலான புதிய றப்பர் ஹோஸ்களையே தெரிந்தெடுத்தோம். ஒயிலை டொட் 4க்கு மாற்றினோம். சிலிக்கன் அடிப்படையிலான டொட் 5ஐ இதே வரிசையின் அடுத்த படி என்று எண்ணி எவரும் கலந்துவிடக்கூடாது. அது முற்றிலும் வேறு திரவம்.

பேட் வாங்கும்போது விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கும் இரு ஆங்கில எழுத்துகளைப் பார்க்க வேண்டும். முதலாவது குளிர்ந்த நிலையிலும் இரண்டாவது சூடான நிலையிலும் உள்ள உராய்வுக் குணகத்தைக் குறிக்கும். ‘ஈ’ என்பது 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ 0.35 முதல் 0.45 வரை, ‘ஜீ’ 0.45 முதல் 0.55 வரை. மலையிறங்கும் வாகனத்துக்கு இரண்டாவது எழுத்தே முக்கியம். இரண்டும் ‘எஃப்’ உள்ள பேட்களை எடுத்தோம். எழுத்தே இல்லாத, பெட்டி மட்டும் பளபளக்கும் பேட்களைக் கடைக்காரர் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது.

வேலை

இவ்வகை முன் அச்சில் டிஸ்க், சில்லின் நடுப்பகுதியான ஹப்பின் பின்புறம் போல்ட் செய்யப்பட்டிருப்பதால், டிஸ்க்கை மாற்ற ஹப்பையே கழற்ற வேண்டும். 54 மில்லிமீற்றர் சொக்கெற் இல்லாமல் உளியால் தட்டி, ஹப்பைப் பிடித்திருக்கும் நட்டைக் கழற்றும் வழக்கம் எங்கும் இருக்கிறது; நட்டும் அச்சுமுனையும் அதனால்தான் கெடுகின்றன. பேரிங்குகளைக் கழுவிச் சோதித்து, புதிய கிறீஸும் புதிய சீலும் இட்டு, புதிய டிஸ்க்கோடு பூட்டினோம். இரு கலிப்பர்களுக்கும் புதிய பிஸ்டன், சீல், தூசி மறைப்பு என்பன இடப்பட்டன. கலிப்பரின் இரு பாதிகளையும் பிரிக்கவில்லை. பிஸ்டன்களைக் காற்றழுத்தத்தால், நடுவில் பலகைத் துண்டு வைத்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். றப்பர் பகுதிகளைப் பெற்றோலாலோ டீசலாலோ கழுவாமல் புதிய பிரேக் ஒயிலால் மட்டுமே நனைத்தோம். கனிம எண்ணெய் பட்டால் அந்த றப்பர் ஊதிப் பெருத்துவிடும்.

பின் அச்சில் ஒயில் சீல் மாற்றுவதற்கு பேரிங்கை அழுத்தி எடுக்க வேண்டும். அதையும் ட்ரம் கடைவதையும் ஏறாவூரில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்துச் செய்வித்தோம். வீட்டில் செய்யக்கூடிய வேலைக்கும் செய்யக்கூடாத வேலைக்கும் எல்லை அங்கே இருக்கிறது. இடது ட்ரம் 295.6 மில்லிமீற்றரும் வலது ட்ரம் 296.4 மில்லிமீற்றரும் இருந்தன. ட்ரம்மில் பொறிக்கப்பட்ட உச்ச எல்லை 297. ஆகவே விளிம்புத் திட்டை மட்டும் எடுக்குமளவுக்கு மென்மையாகக் கடைந்தோம். ஒயில் ஊறிய லைனரைக் கழுவிக் காயவைத்துப் பாவிப்பது பரவலாக நடக்கிறது. சூடானதும் உள்ளிருந்து ஒயில் மீண்டும் கசியும். இரு பக்கத்துக்கும் புதிய லைனர் இட்டோம். பெல் கிராங்குகளைக் கழற்றி, அச்சாணியைத் தேய்த்து, தண்ணீருக்குக் கரையாத கிறீஸ் பூசி, புதிய றப்பர் உறையோடு பூட்டினோம். ஷூக்களை முதலில் கையால் திருகி, ட்ரம் இலேசாக உரசும் அளவுக்குக் கொண்டுவந்த பிறகு, ஹேண்ட் பிரேக்கைத் திரும்பத் திரும்ப இழுத்து அட்ஜஸ்டர் தானாகத் திரும்புவதைக் காதால் கேட்டு உறுதிசெய்தோம். அடைபட்ட மூச்சுத் துளையிலிருந்து ஒரு றப்பர் குழாயை எடுத்து, பெட்டியின் மேல்விளிம்பு வரை உயர்த்திக் கட்டினோம்.

சுமை வால்வுக்கு, உயர்ந்த 45 மில்லிமீற்றரை ஈடுசெய்யும் ஓர் இரும்புத் தாங்கி செய்து, கம்பியின் அச்சுப்பக்க முனையை அந்த அளவுக்கு உயர்த்தினோம். சுமையோடு மீண்டும் அளந்தபோது முன்பக்கம் 60 பார் காட்டிய வேளையில் பின்பக்கம் 42 பார் காட்டியது. இதற்கு மேல் கூட்ட மச்சான் விரும்பினான், நான் மறுத்தேன். பின்பக்க அழுத்தம் அளவுக்கு மீறினால், வெறும் வண்டியாக மழையில் ஓடும்போது பின்சில்லுகள் முதலில் இறுகி வாகனம் குறுக்காகத் திரும்பிவிடும். முன்சில்லு முதலில் இறுகினால் வாகனம் நேரே வழுக்கும்; பின்சில்லு முதலில் இறுகினால் கிறுகிவிடும். இரண்டாவது நிலையிலிருந்து மீட்பது திறமையான சாரதிக்கும் அரிது.

பிரேக் குழாய்களுக்குள் புகுந்த காற்றை வெளியே எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தூரத்திலுள்ள இடது பின்சில்லிலிருந்து தொடங்கி, வலது பின், சுமை வால்விலுள்ள திருகு, இடது முன், வலது முன் என்ற ஒழுங்கில் போனோம். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பெடலை அடிவரை மிதிக்கக்கூடாது; வழக்கமாகப் போகாத உட்பகுதியில் துரு படிந்திருந்தால் சீல் அங்கே கிழிந்துவிடும். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்து ஓட்டத்தை மட்டுப்படுத்தினோம்.

ஓட்டிப் பார்த்தது

முதலில் எஞ்சினை இயக்கி, பெடலை ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடித்தபடி ஒவ்வொரு இணைப்பையும் மற்றொருவர் கண்ணால் பார்த்தார். பூட்டியவர் தன் வேலையைத் தானே சரிபார்ப்பது போதாது. வேறொரு சோடிக் கண் கட்டாயம் வேண்டும். பின்னர் கரடியனாற்றுக்கு அப்பால் வாகனம் குறைந்த நேரத்தில், மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல் மீண்டும் வேகமெடுத்து, இடையிடையே ஆறவிட்டுப் புதிய பேட்களையும் லைனர்களையும் பழக்கினோம். சூடான நிலையில் நிறுத்திப் பெடலை மிதித்தபடி நின்றால் பேட்டின் படிவு டிஸ்க்கில் ஒட்டிப் பின்னர் அதிர்வு தரும். மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில், வெறும் வண்டியாக, ஆளில்லாத வெளியில் மெதுவான வேகத்திலிருந்து சடுதியாக மிதித்துப் பார்த்தோம்; முன்சில்லுகளே முதலில் இறுகின; வாகனம் நேராக நின்றது.

அதற்குப் பிறகே சுமையோடு மலைக்குப் போனோம். திரும்பும்போது லுணுகலையிலிருந்து கீழே மாமா இரண்டாம் கியரில் இறக்கினார். பெடலைத் தொடர்ந்து உரசிக்கொண்டிராமல், வேகம் கூடியதும் உறுதியாக மிதித்துக் குறைத்து முழுதாக விடும் முறையைக் கைக்கொண்டார். பாதி வழியில் ஓரமாக நிறுத்தி அகச்சிவப்பு வெப்பமானியால் பார்த்தபோது முன் டிஸ்க்குகள் 190 பாகையும் 205 பாகையுமாக இருந்தன. ட்ரம்களின் வெளிப்புறம் 120 பாகையை அண்டியிருந்தது. ட்ரம் சூடாகியிருந்ததைக் கண்டு நான் அடைந்த மகிழ்ச்சி சிறிதல்ல; பின் பிரேக் தன் பங்கைச் சுமக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. பிபிலை வரை பெடலின் உயரம் மாறவில்லை. வலப்பக்க இழுப்பும் இல்லை. இரவில் மகாஓயாவுக்கும் புல்லுமலைக்கும் இடையில் யானை குறுக்கிடும் வீதி அது என்பதால், நேராக நிற்கும் பிரேக்கின் பெறுமதி அங்கு ஓடுபவர்களுக்குத் தெரியும்.

தொடர்ந்து செய்யப்படுபவை

பெட்டியின் தளத்துத் துளைகளை அடைத்து, ஐஸ் தண்ணீரை ஒரு குழாய் வழியே அச்சுக்குப் பின்னால் வடியவிட்டிருக்கிறோம். ஒவ்வொரு மீன் ஓட்டத்துக்குப் பிறகும் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுகிறார்கள். சமதரையானாலும் நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் ஹேண்ட் பிரேக் இழுக்கப்படுகிறது. வெள்ளத்தில் இறங்கி ஏறியதும் சிறிது தூரம் மெதுவாக மிதித்தபடி ஓட்டி ட்ரம்களை உலர்த்துகிறார்கள். அடுத்து வரும் ஓய்வுநாளில் ட்ரம்மைக் கழற்றிச் சேற்றைக் கழுவுகிறார்கள். பிரேக் ஒயில் ஆண்டுக்கொரு தடவை, மாரி தொடங்கும் முன், மூடி உடைக்காத புதிய டின்னிலிருந்து மாற்றப்படும். பாதி பாவித்த டின்னை எடுத்து வைப்பதில்லை. ஸ்பிரிங் கட்டில் இனி ஒரு பட்டை கூட்டினாலும் குறைத்தாலும் அழுத்தமானி வைத்துச் சுமை வால்வு மீண்டும் அளக்கப்படும். பின் ட்ரம்களை அடுத்த தடவை கடைய இடமில்லை. வலது ட்ரம் 296.6 மில்லிமீற்றரில் நிற்கிறது. பெரிய கலிப்பருக்கென்று மாமா ஒதுக்கி வைத்திருந்த பணத்தில் எஞ்சியதைக் கொண்டு இரு பக்கத்துக்கும் புதிய ட்ரம்கள் வாங்கப்பட்டு, கிறீஸ் தாளில் சுற்றி வீட்டில் வைக்கப்பட்டிருக்கின்றன. அடுத்த லைனர் மாற்றத்தோடு அவை பூட்டப்படும்.